நாற்பது ஓட்டுத் தேர்தல்: மாணவர் மன்றத்தில் பிரசாரம் எப்படி நடக்கிறது

மாலை நாலரைக்குக் கூட்டம். 68 உறுப்பினர்கள் உள்ள ஒரு புகைப்பட மன்றம் என்று வைத்துக்கொள்வோம். வந்தது 37 பேர். செயலாளர் பதவிக்கு இருவர் நிற்கிறார்கள். நான்காக மடித்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பலகையில் கோடு போட்டு எண்ணுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது: 20, 17. தோற்றவரின் நெருங்கிய நண்பர்கள் நால்வர் அன்று வரவில்லை. ஒருவருக்கு லேப் இருந்தது. இருவர் மறந்தே போனார்கள். நான்காமவர், "நீ எப்படியும் ஜெயிச்சிடுவ" என்று நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த நால்வரும் வந்திருந்தால் கணக்கு 21க்கு 20.

மன்றத் தேர்தலில் நிற்க நினைக்கும் பலரும் பெரிய தேர்தலை மனதில் வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். போஸ்டர், கோஷம், வாக்குறுதிப் பட்டியல், கைதட்டல் வாங்கும் பேச்சு. அதையே கொஞ்சம் சின்னதாகச் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது அடிப்படையிலேயே தவறாகப் படுகிறது. இரண்டு காரணங்கள். முதலாவது, மேலே பார்த்த கணக்கு. நாற்பது பேர் ஓட்டுப்போடும் இடத்தில் அன்று யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே பாதி முடிவு. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பெரிய தேர்தலில் எதிராக ஓட்டுப்போட்டவரின் முகம்கூட ஜெயித்தவருக்குத் தெரியாது. இங்கே அந்த 17 பேரும் அடுத்த மாதக் கண்காட்சிக்குப் பலகை தூக்க வேண்டியவர்கள். அவர்கள் ஒதுங்கிவிட்டால் செயலாளர் தனியாகத்தான் ஆணி அடிக்க வேண்டும். அதனால் மன்றத்தில் ஓட்டுக் கேட்கும் இரண்டு வாரத்தைப் பதவிக்காலத்தின் முதல் இரண்டு வாரமாக எண்ணித்தான் நடத்த வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஓர் எண்ணத்திலிருந்து வருவதுதான்.

வேலை உறுப்பினர் பட்டியலில் தொடங்குகிறது. யாருக்கு ஓட்டு உண்டு என்பதே பல மன்றங்களில் தேர்தல் நாளன்றுதான் சண்டையாக வெடிக்கும். சந்தா கட்டினால் போதுமா, இத்தனை கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டுமா, படிப்பை முடித்துப் போகும் கடைசி ஆண்டு மாணவர்கள் அடுத்த ஆண்டுக்கான நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாமா, எந்தத் தேதிக்குமுன் சேர்ந்தவர்களுக்கு ஓட்டு? இவை விதிமுறையில் எழுதியிருந்தால் படித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேட்புமனு கொடுப்பதற்கு முன்பே தேர்தல் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதில் எல்லா வேட்பாளர்களுக்கும் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் விடுதி நண்பர்கள் இருபது பேரை மன்றத்தில் சேர்த்து ஓட்டுப்போட வைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. தடுக்க விதி இல்லாத இடத்தில் அது செல்லவும் செல்லும். ஆனால் அப்படிச் சேர்ந்தவர்கள் மறுகூட்டத்துக்கு வரமாட்டார்கள். உண்மையில் மன்றத்தை நடத்துகிறவர்களோ, தங்கள் ஓட்டுக்கு மதிப்பில்லாமல் செய்துவிட்டார்கள் என்று மனம் கசந்துபோவார்கள். ஜெயித்த கையோடு காலியான மன்றம்தான் மிஞ்சும்.

பட்டியலை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குறி போடுவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை வரவில்லை. நிச்சயம் நமக்கு, நிச்சயம் அவருக்கு, தெரியவில்லை என்று மூன்று குறி போதும். இங்கே நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் ஆபத்து ஒன்று உண்டு. "பாக்கலாம்", "உனக்கு இல்லாமலா", "ஆல் தி பெஸ்ட்" என்று சொல்கிற எல்லாரையும் நம் கணக்கில் சேர்த்துவிடுவோம். முகத்துக்கு நேரே "உனக்குப் போடமாட்டேன்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. எதிராளியிடமும் அதே வாய் "உனக்கு இல்லாமலா" என்று சொல்லியிருக்கும். பெயரைச் சொல்லி, "ஆமா, உங்களுக்குத்தான் போடுறேன்" என்று தெளிவாகச் சொன்னவர் மட்டும் முதல் குறி. மற்ற அனைவரும் மூன்றாவது குறி. இப்படி எண்ணினால் முதல் நாள் மனசு கொஞ்சம் வலிக்கும். ஆனால் இனி யாரிடம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

எப்படிப் போவது என்பதற்கு நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. 1998இல் ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சுமார் 30,000 வாக்காளர்களை வைத்து ஒரு களச் சோதனை நடத்தினார்கள். சிலர் வீட்டுக்கு நேரில் ஆள் போய், வந்து ஓட்டுப்போடும்படி கேட்டார்கள். சிலருக்குத் தபால் போனது. சிலருக்குத் தொலைபேசி அழைப்பு. நேரில் போனது வாக்குப்பதிவைக் கணிசமாகக் கூட்டியது. தபால் லேசாகக் கூட்டியது. தொலைபேசி அழைப்பால் பயன் ஏதும் தென்படவில்லை. முடிவுகள் 2000இல் வெளியாயின. மன்றத்துக்கு இதை நேராக எடுத்துக்கொள்ளலாம். குரூப்பில் போடும் ஒரு பதிவு எத்தனை பேருக்குப் போகிறது என்பதைவிட, வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது நின்று பேசும் மூன்று நிமிடம் பெரிது. நியூ ஹேவனில் எல்லா வீட்டுக்கும் நேரில் போவது நடக்காத காரியம். 68 பேர் மன்றத்தில் அது ஒரு வாரத்து வேலைதான். அந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு போஸ்டர் வடிவமைப்பில் இரவெல்லாம் உட்காருவது வீண் என்பது என் கருத்து.

நேரில் பேசுவது என்றால் ஒப்பிப்பது என்று ஆகிவிடக் கூடாது. ஒரு பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்பதுபோல் பார்க்கலாம். மூன்றாம் ஆண்டு மாணவி செயலாளருக்கு நிற்கிறார். முதலாண்டு மாணவனிடம் போகிறார்.

"அக்கா, எனக்கு ரெண்டு பேரையுமே சரியாத் தெரியாது. யாரு வந்தா எனக்கு என்ன?"

"அது சரி. நீ சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. இங்க எது உனக்குப் பிடிக்கல, அதச் சொல்லு."

கொஞ்சம் யோசிக்கிறான். "கேமரா இல்லாதவங்களுக்கு இங்க வேலையே இல்லக்கா. போன தடவை வெளியே போனப்ப எல்லாரோட பையையும் பாத்துக்கிட்டு நான் ஒரு ஓரமா உக்காந்திருந்தேன்."

அந்த மாணவி இதற்கு உடனே வாக்குறுதி கொடுக்கவில்லை. நோட்டை எடுத்து அவன் பெயருக்கு எதிரே "பை, கேமரா இல்லை" என்று எழுதிக்கொண்டார். அன்று இன்னும் ஐந்து பேரிடம் பேசியதில் இருவர் இதையே வேறு வார்த்தையில் சொன்னார்கள். இப்போது அவர் கையில் ஒரு விஷயம் இருக்கிறது. 'மன்றத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்வேன்' என்று சொல்லும் எதிராளியிடம் அது இல்லை.

ஓட்டுக் கேட்பதில் பாதி கேட்பது, பாதி எழுதிக்கொள்வது. எழுதியதைத் திரும்பிப் போய்ச் சொல்வதும் முக்கியம்: "நீ சொன்ன பை விஷயம், வெளியே போறப்ப ரெண்டு பேருக்கு ஒரு கேமரான்னு பிரிச்சா சரியா வருமா?" இரண்டாவது முறை வந்து இப்படிக் கேட்கிற ஆளை யாரும் மறப்பதில்லை. அந்தப் பையன் எதிராளிக்கே ஓட்டுப்போட்டாலும், மன்றத்தில் தன் பேச்சு யார் காதிலோ விழுந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்தது வரவைப்பது. "கண்டிப்பா வந்துடு" என்பது யார் மனதிலும் தங்காத வாக்கியம். டேவிட் நிக்கர்சன், டாட் ரோஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலின்போது பென்சில்வேனியாவில் இதைச் சோதித்தார்கள். சிலரிடம் தொலைபேசியில் ஓட்டுப்போடச் சொல்லி ஊக்கப்படுத்தியதோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறு சிலரிடம், எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று மூன்று கேள்வியும் சேர்த்துக் கேட்டார்கள். கேள்வி கேட்கப்பட்டவர்கள் அதிகமாக வந்து ஓட்டுப்போட்டார்கள். குறிப்பாக, வீட்டில் தான் ஒருவர் மட்டுமே வாக்காளராக இருப்பவர்களிடம் இது நன்றாக வேலைசெய்தது. கூட இருப்பவர்கள் நினைவூட்ட இல்லாதவர்களுக்கு அந்தக் கேள்விகளே நினைவூட்டலாக அமைந்துவிட்டன போலிருக்கிறது. மன்றத்திலும் அப்படித்தான். "நாலு மணிக்கு லேப் முடிஞ்சதும் நேரா வர்றியா, இல்ல ரூமுக்குப் போயிட்டா?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே அவர் மனதில் ஒரு வழி உருவாகிவிடுகிறது. "ரூமுக்குப் போனா தூங்கிடுவேன், நேரா வந்துடுறேன்" என்று அவர் வாயாலேயே வரும். தொடக்கத்தில் பார்த்த தோல்வியில் வராமல் போன நால்வரிடமும் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நண்பர்கள்தானே என்று விட்டுவிட்டார்கள். சொல்லப்போனால் நண்பர்களிடம்தான் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் நாம் ஜெயித்துவிடுவோம் என்று மிகவும் நம்புகிறவர்கள் அவர்கள்.

எந்தப் பதவிக்கு நிற்பது என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பெயருக்காக எல்லாரும் தலைவர் பதவியைப் பார்ப்பார்கள். தினசரி வேலை செயலாளரிடம் இருக்கும்: கூட்டம் கூட்டுவது, குறிப்பு எழுதுவது, அறைக்கு அனுமதி வாங்குவது, பதில் வராத கடிதத்துக்கு மறுபடி எழுதுவது. மன்றம் உயிரோடு இருப்பதும் படுத்துவிடுவதும் பெரும்பாலும் இந்த ஆளைப் பொறுத்தது. பொருளாளர் பதவிக்குப் பிரசாரம் என்றாலே பலருக்குச் சங்கடம், எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது என்று தெரியாது. ஆனால் கேட்பதற்கு அங்குதான் உறுதியான விஷயம் இருக்கிறது. போன ஆண்டுக் கணக்கு யார் பார்வைக்கும் வரவில்லை என்றால், "மாதம் ஒருமுறை வரவு செலவை ஒரே தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்புவேன்" என்ற ஒரு வரி போதும். செய்யக்கூடியது. செய்யாவிட்டால் அடுத்த மாதமே தெரிந்துவிடும்.

வாக்குறுதிக்கு நான் வைக்கும் சோதனையும் இதுதான்: செய்தேனா இல்லையா என்பதை மூன்று மாதத்தில் யாரும் சரிபார்க்க முடிய வேண்டும். நிர்வாகத்தின் அனுமதி வேண்டிய பெரிய விழா, வேறு யாரோ பணம் தர வேண்டிய புது அறை, பெரிய பேச்சாளர் வருகை ஆகியவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது கூட்டம் நடக்கும் நேரம், தகவல் போகும் வழி, பொருளை யார் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஒழுங்கு, புதிதாக வருபவரை யார் வரவேற்பது என்பது. சின்னதாகத் தெரியும். ஆனால் மன்றத்தை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் காரணங்களால்தான் போகிறார்கள்.

பேச்சுக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். நிதானமாகப் பேசினால் இருநூறு வார்த்தைக்குள் அடங்கும் நேரம் அது. அதில் பாதியை நன்றி சொல்வதிலும் தன் பதக்கங்களைச் சொல்வதிலும் செலவழிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரை ஏற்கெனவே தெரியும். மீதிப் பேருக்குப் பதக்கத்தில் அக்கறை இல்லை. பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனிடமிருந்து தொடங்கலாம், அவன் பெயரைச் சொல்லாமல்: "போன தடவை நாம் வெளியே போனபோது நம்மில் சிலர் ஒரு படம்கூட எடுக்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்." அறையில் மூன்று பேராவது நிமிர்ந்து பார்ப்பார்கள். பிறகு அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பது, எப்போது செய்வோம் என்பது, அவ்வளவுதான். தாளைப் பார்த்துப் படிப்பதில் தவறில்லை. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். நடுவே தடுமாறினாலும் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

கேள்வி நேரம் இருந்தால் அது பேச்சைவிட முக்கியம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, விசாரித்து நாளைக்குள் பதில் தருகிறேன் என்று சொல்லி, சொன்னபடி மறுநாள் பதில் அனுப்பினால், பதவியில் உட்கார்ந்தால் எப்படி இருப்பார் என்பதை அவர் முன்கூட்டியே காட்டிவிட்டார்.

போஸ்டரையும் குரூப் பதிவையும் முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. அடிக்கடி கண்ணில் படுகிற ஒன்று, வேறு காரணமே இல்லாமலும் நமக்குப் பிடித்துப்போகிறது என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் காட்டினார். முகம் தெரியாத வேட்பாளருக்கு அது உதவும். ஆனால் எல்லாருக்கும் எல்லாரையும் ஓரளவு தெரிந்த மன்றத்தில் இதற்குமேல் அது இழுக்காது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மன்றத்தின் சொந்தக் குரூப், மன்றத்தின் பக்கம், மன்றத்தின் மின்னஞ்சல் பட்டியல் ஆகியவை தற்போதைய நிர்வாகிகள் கையில் இருக்கும். அவர்களில் ஒருவர் மறுபடி நிற்கும்போது அவற்றில் தனக்காக ஓட்டுக் கேட்டால், அது மன்றத்தின் பொதுச் சொத்தை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்துவதுதான். எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில், ஒரே நீளத்தில் ஒரு பதிவு என்று தேர்தல் பொறுப்பாளர் முடிவுசெய்துவிட்டால் இந்தத் தகராறு எழவே எழாது.

இனி விதிகள். பிரசாரத்தில் இறங்குபவர்கள் இவற்றை அலுப்பான விஷயமாக நினைக்கிறார்கள். ஆனால் யார் ஜெயிப்பார் என்பதையே விதி மாற்றிவிடும். ஓர் உதாரணக் கணக்கு. தலைவர் பதவிக்கு மூவர், மொத்தம் 40 ஓட்டு. முதலாமவருக்கு 16, இரண்டாமவருக்கு 13, மூன்றாமவருக்கு 11. இரண்டாமவரும் மூன்றாமவரும் கேட்பது ஒன்றையே: கூட்டத்தை விடுமுறை நாளிலிருந்து வார நாளுக்கு மாற்ற வேண்டும். 24 பேர் அதை விரும்புகிறார்கள். ஆனால் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற விதி இருந்தால், அதை விரும்பாத முதலாமவர் தலைவராகிறார். ஓட்டுப் பிரிவதால் வரும் இந்தக் கோளாறை 1770இலேயே ஜான் ஷார்ல் த போர்தா என்ற கணித அறிஞர் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் எடுத்துச் சொன்னார். இதற்கு அவர் முன்வைத்த வழி, ஒவ்வொருவரும் எல்லா வேட்பாளர்களையும் வரிசைப்படுத்தி எழுதுவது, வரிசைக்கு ஏற்ப மதிப்பெண் போடுவது.

உலகம் முழுவதும் பல சங்கங்கள் பின்பற்றும் கூட்ட நடைமுறை நூல் ஒன்று உண்டு. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்டது. தேவாலயத்தில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது அதை எப்படி நடத்துவது என்று தெரியாமல் திணறிய அனுபவம்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அந்த நூலின்படி, விதிமுறையில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜெயிக்கப் பதிவான ஓட்டில் பாதிக்குமேல் வேண்டும். நம் கணக்கில் 21. யாருக்கும் வரவில்லையென்றால் மறுபடி ஓட்டெடுப்பு. வேறு சில மாணவர் அமைப்புகளில் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதும் முறை இருக்கிறது. அதில் கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய 11 சீட்டிலும் இரண்டாவது விருப்பம் யார் என்று பார்ப்பார்கள். 9 பேர் இரண்டாமவரையும் 2 பேர் முதலாமவரையும் எழுதியிருந்தால் 22க்கு 18 என்று இரண்டாமவர் ஜெயிக்கிறார். அதே 40 பேர், அதே மனசு, வேறு தலைவர்.

பிரசாரம் செய்யும் விதமும் இதோடு சேர்ந்து மாறுகிறது. அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிக்கும் முறையில், ஒத்த கருத்துள்ள இருவரும் வேட்புமனுவுக்கு முன்பே உட்கார்ந்து பேசி, ஒருவர் தலைவருக்கும் ஒருவர் செயலாளருக்கும் நிற்பதுதான் புத்திசாலித்தனம். வரிசை எழுதும் முறையில் எதிராளியின் ஆதரவாளரிடமும் போய், "உங்க முதல் ஓட்டு அவருக்குன்னு தெரியும், ரெண்டாவது எனக்குத் தருவீங்களா?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்க வேண்டியவர் அந்த எதிராளியைத் திட்டிக்கொண்டிருக்க முடியாது. மன்றங்களுக்கு இந்த முறை பொருத்தமானது என்று நான் நினைப்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

கைதூக்கி ஓட்டெடுப்பு நடத்தும் மன்றங்கள் இன்னும் இருக்கின்றன. நேரம் மிச்சம், சீட்டு வேண்டாம், நமக்குள் என்ன ஒளிவுமறைவு என்பார்கள். 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், ஒரு கோட்டின் நீளத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய எளிய வேலை. சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் தவறைப் பின்பற்றியது. விடையைத் தனியாக எழுதித் தரச் சொன்னபோது அது வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இப்படி என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனியர் கை தூக்கும்போது முதலாண்டு மாணவர் என்ன செய்வார்? அரசு அச்சடித்துத் தரும் சீட்டில் ரகசியமாக ஓட்டுப்போடும் முறை 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் வந்தது, பிரிட்டனுக்கு 1872இல் வந்தது. மன்றத்துக்கு வேண்டியது ஒரே அளவாகக் கிழித்த தாள், ஒரு பெட்டி, இரு தரப்பும் ஏற்கும் ஒருவர். அவ்வளவே. கைதூக்கும் வழக்கம் உள்ள இடத்தில் வேட்பாளர் செய்யக்கூடிய நல்ல காரியம், தேர்தலுக்கு முன்பே ரகசிய வாக்கெடுப்பு கேட்டு மனுக் கொடுப்பது. ஜெயித்தாலும் தோற்றாலும் அது மன்றத்துக்கு மிஞ்சும்.

சீட்டில் பெயர் வரும் வரிசையும் கவனிக்க வேண்டியது. 1992இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த 118 போட்டிகளை ஆராய்ந்ததில், ஏறக்குறைய பாதிப் போட்டிகளில் பெயர் வரிசையால் வித்தியாசம் தெரிந்தது. பெரும்பாலும் முதலில் பெயர் இருந்தவருக்கே லாபம், சராசரியாக 2.5 சதவீத அளவு. நாற்பது ஓட்டில் அது ஒரே ஓட்டுதான். ஆனால் நாற்பது ஓட்டுத் தேர்தல்கள் ஒரே ஓட்டில் முடிவதும் உண்டு. குலுக்கிப் போட்டு வரிசை வைத்தால் யாருக்கும் குறையில்லை. சமமாக விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எண்ணுவதற்கு முன்பே முடிவுசெய்து சொல்லிவிட வேண்டும். எண்ணியபிறகு எடுக்கும் எந்த முடிவையும் ஒரு தரப்பு நம்பாது.

போட்டியே இல்லாத பதவிகள் மன்றங்களில் நிறைய. ஒரே ஆள் மனுக் கொடுத்திருந்தால் கைதட்டி முடித்துவிடுவார்கள். பிரிட்டனில் பல மாணவர் சங்கங்களில் சீட்டில் வேட்பாளர் பெயரோடு 'மறுபடி வேட்புமனு வாங்கு' என்ற ஒரு வரியும் இருக்கும். ஒரே வேட்பாளர் என்றாலும் அந்த வரியைவிட அதிக ஓட்டு வாங்கினால்தான் அவர் ஜெயிப்பார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. போட்டியில்லாத ஆளும் நாலு பேரிடம் போய்ப் பேசியாக வேண்டிய நிலை வருகிறது. அந்த விதி இல்லாத மன்றத்திலும் போட்டியின்றி வருபவர் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவது நல்லது. பைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அங்கும் இருப்பார்.

சேர்ந்து ஒரு பேனலாக நிற்பதில் வசதி உண்டு. வேலையைப் பங்கு போடலாம், ஒருவருக்குத் தெரியாத வகுப்பில் இன்னொருவருக்கு ஆள் இருக்கும். அதில் உள்ள ஆபத்து, பேனல் ஒரே விடுதி, ஒரே துறை, ஒரே நண்பர் வட்டமாக அமைந்துவிடுவது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான போரிஸ் ஜான்சன், 1823இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் என்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவர் தேர்தலில் 1984இல் தோற்றார். அடுத்த முயற்சியில் தன் வழக்கமான வட்டத்துக்கு வெளியே போய் ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். அவருடைய அரசியல் எப்படியோ போகட்டும், இந்தக் கணக்கு எந்த மன்றத்துக்கும் பொருந்தும். நம் வட்டத்தின் ஓட்டு கேட்காமலே வருகிறது. கேட்பதற்குப் போக வேண்டிய இடம் வெளியேதான் இருக்கிறது. பேனலே முழுதாக ஜெயித்துவிட்டால் இன்னொரு சிக்கல்: தோற்ற தரப்பில் ஒருவர்கூட நிர்வாகத்தில் இருக்கமாட்டார். அந்த 17 பேரின் குரல் செயற்குழு அறைக்குள் வர வழியே இருக்காது.

எதிராளியைப் பற்றிப் பேசுவதில் ஓர் எல்லை இருக்கிறது. "போன ஆண்டு ஆறு மாதம் கூட்டமே நடக்கவில்லை" என்பது வேலையைப் பற்றியது, சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவர் யாரோடு பேசுகிறார், எங்கிருந்து வந்தவர், மதிப்பெண் எத்தனை என்பதெல்லாம் மன்றத்துக்குச் சம்பந்தமில்லாதவை. நம் ஆதரவாளர் ஒருவர் அப்படி ஒன்றைக் குரூப்பில் பரப்பிவிட்டால், "எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று ஒதுங்குவது போதாது. நாமே அதே குரூப்பில் அது தவறு என்று எழுத வேண்டும், அந்த ஆளிடமும் போய்ச் சொல்ல வேண்டும். ஓர் ஓட்டு போகலாம். ஆனால் படிப்பு முடியும்வரை அந்தப் படிக்கட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

முடிவு அறிவித்த மறுநாள் செய்ய வேண்டியது எழுத்து வேலைதான், ஆனால் அவசரமானது. பழைய நிர்வாகியிடமிருந்து கணக்குப் புத்தகம், கடவுச்சொற்கள், அலமாரிச் சாவி, உறுப்பினர் பட்டியல், பாதியில் நிற்கும் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் பழையவர் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுவார்.

அதே நாளில் ஜெயித்தவர் தோற்றவரைத் தேடிப் போக வேண்டும். ஆறுதல் சொல்ல இல்லை, அதை அவர் அன்று கேட்கும் மனநிலையில் இருக்கமாட்டார். அவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். அவர் பேசிய முப்பது பேர் எது பிடிக்கவில்லை, எது வேண்டும் என்று சொன்னது அதில் இருக்கும். அதில் பாதிப் பேர் ஜெயித்தவரிடம் வாயே திறந்திருக்கமாட்டார்கள். "உங்க நோட்டை ஒரு தடவை பாக்கலாமா?" என்று கேட்கலாம். தோற்றவருக்கும் அதைக் கொடுப்பதில் நஷ்டமில்லை. யார் யாருக்கு என்று குறி போட்ட பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தால் போதும்.